எலி விழுந்த வருஷத்துப் பூனை

அந்த நாட்களில் ஊர்க்காரர்களில் உள்ளே போய்வந்தது நானும் தலையாரியும் மட்டுந்தான். மற்ற எல்லாரும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், அறுத்த வயலில் போட்ட ஓலைக் குடிசைகளில் இருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் அங்கே. பக்கத்து வீட்டு அத்தையும் அங்கே. அத்தையின் புருஷன், எனக்கு மாமா, ஏலமலைக்கு வேலைக்குப் போனவர் இன்னும் இறங்கவில்லை. அவருக்குச் சேதி போய்ச் சேர்ந்ததா என்பதும் தெரியவில்லை. அவர்களுடைய ஒரே மகள் எங்கேயும் இல்லை. ஒன்பது வயது. எலி விழத் தொடங்கிய வாரமே காய்ச்சல் கண்டு, தொடை இடுக்கில் நெறி கட்டி, இறந்துபோனாள். ஊரில் முதல் சாவு அதுதான்.

எங்கள் ஊர் அனுமந்தன்பட்டிக்கு மேற்கே வயலை ஒட்டி இருக்கிறது. இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்: விட்டத்திலிருந்து எலி தானாகக் கீழே விழுந்து, சுற்றிச் சுற்றி வந்து செத்தால் கொள்ளை நோய் வந்துவிட்டது என்று அர்த்தம். சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விட வேண்டும். அந்த வருஷம் தாலுகாவிலிருந்து சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் ஆட்களோடு வந்தார். வெயில் உள்ளே விழட்டும் என்று வீடுகளின் கூரை ஓடுகளை இறக்கச் சொன்னார். எலி வளைகளுக்குள், காற்றுப் பட்டால் விஷவாயு கக்குகிற தூளைப் பம்ப் வைத்து அடிக்கப்போவதாகச் சொன்னார். எந்த வீட்டில் வளை அதிகம், எதை முதலில் அடிப்பது என்று பார்த்துக் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் குறி போட எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். உத்தமபாளையத்துப் பள்ளிக்கூடத்தில் பத்து முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள். முழங்கால் வரை மண்ணெண்ணெய் தடவிக்கொண்டு தினமும் ஊருக்குள் போய்வந்தேன். தெள்ளுப்பூச்சி ஏறாமல் இருப்பதற்கு அது.

ஓடில்லாத ஊரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பிறந்ததிலிருந்து வெளிச்சமே காணாத உள்ளறைகளில் வெயில் கட்டம் கட்டமாக விழுந்து கிடந்தது. அடுப்படியில், சுருட்டாமல் விட்டுப் போன பாயில், கொடியில் தொங்கிய சேலையில் விழுந்தது. காக்கை இல்லை, நாய் இல்லை. யாருடைய வீட்டுக்குள்ளும் கேட்காமல் போகலாம். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஒருநாள் காலை அத்தை குடிசை வாசலில் என்னை மறித்தாள். கையில் ஒரு செம்பு. ஆட்டுப் பால்.

"மருமகனே, உள்ளதான போற?"

"ஆமத்தை."

"அவ படுத்திருந்த மூலையில இத வச்சிட்டு வா. ஒரு விளக்கு ஏத்தல, ஒரு மடக்குத் தண்ணி வைக்கல. அதுக்குள்ள என்னக் கையப் பிடிச்சு வெளிய கொண்டாந்துட்டாக. தொண்ட காஞ்சு போன பிள்ளடா. வந்து பாத்துட்டுத் திரும்பிப் போகும்."

செத்தவர் உயிர் பிரிந்த இடத்தில் கருமாதி வரைக்கும் விளக்கும் நீரும் வைப்பது எங்கள் வழக்கம். அத்தை அதுவரை கஞ்சி குடிக்கவில்லை என்று அம்மா சொல்லியிருந்தாள். இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். "எதையும் தொடாமல் வைத்துவிட்டு வாருங்கள் தம்பி" என்றார்.

அத்தை வீடும் எங்கள் வீடும் ஒரே சுவர். கதவைத் தள்ளி நடையில் கால் வைத்தேன். உள்ளே சலங்கை கேட்டது.

ஒற்றைச் சலங்கை. இரண்டு அடி நடந்தாற்போல் கேட்டு நின்றுவிட்டது. அந்தப் பெண் கொலுசோடு எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஓடுகிற சத்தத்தில்தான் நான் பரீட்சைக்குப் படித்தேன். அந்தக் கொலுசின் மணி எனக்குத் தெரியாதா? பேய் பிசாசு மூடநம்பிக்கை என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதி வாத்தியாரிடம் நல்ல பேர் வாங்கியவன் நான். அந்தக் கட்டுரையின் ஒரு வரிகூட அப்போது நினைவுக்கு வரவில்லை. செம்பை நடையிலேயே வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் செம்பு காலியாக இருந்தது. அத்தையிடம் சொன்னேன். போய், அம்மா ஊற்றிவைத்திருந்த கஞ்சியை எடுத்துக் குடித்தாள்.

அதற்கும் மறுநாள் தலையாரியை வாசல்வரை கூட்டிப்போய், நான் உள்ளே நுழைந்தேன். மூலையில் ஒரு நார்ப்பெட்டி. அதில் அந்தப் பெண்ணின் பழைய பாவாடை. பாவாடை மேல் அவர்கள் வீட்டுச் சாம்பல் நிறப் பூனை படுத்திருந்தது. வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நான்கு குட்டிகள், ஈரம் காய்ந்தும் காயாமலும், கண் திறக்காமல். பூனையின் கழுத்தில் சிவப்பு நூலில் ஒரு சலங்கை மணி. அந்தப் பெண் தன் கொலுசிலிருந்து ஒன்றைப் பிய்த்துக் கட்டிவிட்டது. வெள்ளியைப் பூனைக்குக் கட்டியதற்காக அவள் அடி வாங்கியதும் எனக்குத் தெரியும். எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

பூனைதான் என்று தெரிந்ததும் பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை.

"என்ன தம்பி, முந்தாநேத்துப் பேயறைஞ்ச மாதிரி வந்தியே, இதுதேனா?" என்று தலையாரி சிரித்தார். அவரும் கதவைத் தாண்டி ஒரு அடி வைக்கவில்லை.

அத்தையிடம் உள்ளதைச் சொன்னேன். "அத்தை, பால் குடிச்சது பூனை. அங்கன நாலு குட்டி போட்டிருக்கு."

கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். ஆட்டைக் கட்டிக்கொண்டிருந்தவள் கயிற்றை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"காய்ச்சல்ல கெடந்தவ பூனை எங்க, பூனை எங்கன்னு கேட்டா மருமகனே. எலி திங்கிற சனியன் சீக்காளிகிட்ட வரக்கூடாதுன்னு நாந்தேன் வாரியல எடுத்து அடிச்சு வெரட்டுனேன். வயித்தத் தூக்கிட்டு ஓடுச்சு. இப்பத் திரும்பி அவ எடத்துக்கே வந்துருச்சா?" கயிற்றை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள்: "உங்க மாமா மலையவிட்டு எறங்கி வந்து எங்கடி பிள்ளன்னு கேட்டா நான் எதக் காட்டுவேன்? மண்ணக் காட்டவா? அவ வளத்த உசிரு ஒண்ணாச்சும் இருக்கணும். அவுக வர்ற வரைக்கும் அதக் காப்பாத்திக் குடு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அன்றிலிருந்து அதுதான் என் வேலை. குறி போடுவது அடுத்ததாகிவிட்டது.

"என்ன குடுத்த?" என்று தினமும் விசாரணை.

"பால்தேன்."

"வெறும் பாலா? பிள்ள பெத்தவளுக்கு வெறும் பாலு காணுமாடா? நாலு பிள்ளைக்குச் சொரக்கணுமே!" கருவாட்டைச் சுட்டுக் கஞ்சியில் பிசைந்து கொடுத்தாள். அது சரி. அடுத்த நாள் சுக்கும் கருப்பட்டியும் இடித்து உருண்டை பிடித்துக் கொடுத்தாள். பூனை மோந்து பார்த்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மண்ணைத் தள்ளி மூடுவதுபோல் காலால் தரையைப் பறித்தது. தலையாரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பத்துப் படிச்சிட்டுப் பூனைக்குப் பிள்ளப்பேறு பாக்குற ஆளு இந்தச் சில்லாவிலயே நீ ஒருத்தந்தேன் தம்பி. சர்க்கார்ல சொல்லி மெடல் வாங்கித் தாரேன்." உருண்டையை அவர் வாயில் போட்டுக்கொண்டார்.

அத்தை ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தாள். கண் திறக்காத குட்டியை மனுஷக் கை தொடக்கூடாது. தொட்டால் தாய் தின்றுவிடும். பெட்டியைக்கூட நகர்த்தக்கூடாது.

நான் நடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பூனை குட்டிகளை நக்கி நக்கி ஒவ்வொன்றாகப் புரட்டும். ஒரு குட்டி மிகச் சிறியது. மற்றவை மிதித்து மிதித்து ஓரத்துக்குத் தள்ளிவிடும். தாய் அதன் கழுத்தைக் கவ்வித் திரும்ப உள்ளே வைக்கும். வெயில் கட்டம் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து, சுவரில் ஏறி, போய்விடும். சில நேரம் பூனை நக்குவதை நிறுத்தித் தலையைத் தூக்கும். வாசல் பக்கம் பார்க்கும். நான் இருக்கிற பக்கந்தான், ஆனால் என்னை இல்லை, எனக்குப் பின்னால். யாரோ நடந்து வருவதைப் பார்ப்பதுபோல் அதன் கண் மெல்ல நகரும், மூலை வரை வரும், நிற்கும். பிறகு வாலை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும். நான் திரும்பிப் பார்த்ததில்லை. திரும்பவேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன்.

இதற்குள் பம்ப் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். "பெட்டியோடு தூக்கி வெளியே வையுங்கள் தம்பி, இதில் என்ன கஷ்டம்?" என்றார். அத்தை முடியாது என்றாள். வயலுக்குக் கொண்டுபோகலாமா என்றால் அங்கே ஒருவரும் சம்மதிக்கவில்லை. "எலி தின்ன பூனை குடிசைக்குள்ள வந்துச்சுன்னா நான் கிணத்து மேட்டுல போயிப் படுத்துக்கிருவேன், சொல்லிட்டேன்" என்றார் அப்பா. கடைசியில் இன்ஸ்பெக்டர் அத்தை வீட்டை மட்டும் எல்லாவற்றுக்கும் கடைசியாக விட்டுவைக்கிறேன் என்றார். அதற்குமேல் அவரால் முடியாது.

அத்தை இரண்டு நாள் யோசித்து ஒரு வழி சொன்னாள். "பிள்ளப் பூனை ஒரு எடத்துல இருக்காது. யாராச்சும் விடாமப் பாத்துக்கிட்டே இருந்தா அதுக்குக் கண்ணு பட்டுப் போச்சுன்னு தோணும். தானாத் தூக்கிட்டு எடம் மாத்தும். கொல்லக் கதவத் தெறந்து வச்சிட்டு, வைக்கப்படப்புப் பக்கத்துல பாலு வச்சிட்டு, நீ போயி அதையே பாத்துக்கிட்டு உக்காரு. படப்புக்குப் போயிரும். அங்கன மருந்து அடிக்க மாட்டாகல்ல?"

அடிக்க மாட்டார்கள். கேட்டுவிட்டு வந்து சொன்னேன்.

நடையில் உட்காராமல் பெட்டிக்கு எதிரிலேயே உட்கார்ந்தேன். பூனை என்னைப் பார்த்தது. நான் பூனையைப் பார்த்தேன். ஒரு மத்தியானம் முழுக்க அப்படியே போயிற்று. எழுந்து வரும்போது பூனை பெட்டியைவிட்டு இறங்கி, சுவர் ஓரமாக அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தது. மணி கேட்டபடி இருந்தது.

மறுநாள் காலையில் போனேன். பெட்டியில் அந்தச் சிறிய குட்டி மட்டும் இருந்தது. மூன்று இல்லை. தாயும் இல்லை. கொல்லைக்கு ஓடினேன். படப்புக்குப் பக்கத்தில் வைத்த பால் சட்டி நக்கி எடுத்ததுபோல் காலி. வைக்கோலை விலக்கிப் பார்க்கத் தோன்றியது. தொடக்கூடாது என்று சொல்லியிருந்ததால் விட்டுவிட்டேன். வாய்க்காலைத் தாண்டி ஓடி அத்தையிடம் சொன்னேன். அந்தப் பெண் போனபிறகு அத்தை சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

"எம் மகராசி! ஒத்தையா மூணு பிள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டா பாத்தியா? நாலாவதுக்கும் வருவா. நீ போயி மறைஞ்சு நின்னு பாரு. எதிர்ல நிக்காத."

திரும்பி வந்தபோது எங்கள் வீட்டு வாசலில் ஆட்கள் பம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நெல் கொட்டிவைக்கிற குலுக்கை இருக்கிற உள்ளறையில்தான் எலி வளைகள் ஏராளம் என்று நானே முன்பு காட்டியிருந்தேன். அந்த அறைக்குப் பலகை மச்சு உண்டு. ஓடு இறக்க வேண்டியதில்லை. தூளை அடித்து, வளைகளை மண் வைத்துப் பூசி, கதவைச் சாத்திவிட்டார்கள். மச்சுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக் கோணிச் சாக்கால் அடைத்திருந்தார்கள்.

"உங்க வீடு ஆச்சு தம்பி" என்றார் தலையாரி. நல்லது என்றேன்.

அத்தை வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். குட்டி கத்தத் தொடங்கியது. தாய் வரவில்லை. வெயில் கட்டம் பெட்டியை அடைந்தது. குட்டி வெயிலில் கத்தியது. கட்டம் சுவரில் ஏறியது. மணிச் சத்தம் எதுவும் இல்லை. அதைக் கேட்டு ஓடினவன், இப்போது அது கேட்காதா என்று நின்றேன்.

வெயிலோடு என் கண்ணும் சுவரில் ஏறியது. ஓடு இறக்கின புழுதி சுவர் உச்சியில் மாவு பரப்பினாற்போல் கிடந்தது. அதில் பூனைக் கால் தடம். ஒன்றன்மேல் ஒன்றாக, போனதும் வந்ததுமாக. தடம் கொல்லைப் பக்கம் போகவில்லை. சுவரைத் தாண்டி எங்கள் வீட்டு மச்சுப் பக்கம் போயிருந்தது.

எங்கள் வீட்டுக்கு ஓடினேன். இன்ஸ்பெக்டர் உள்ளறைக் கதவைத் திறக்க விடவில்லை. என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். "இப்போது திறந்தால் நீங்கள் விழுவீர்கள். உள்ளே இருப்பது எதுவானாலும் எப்போதோ முடிந்திருக்கும்." திறக்கலாம் என்று அவர் சொல்லும்வரை எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். தலையாரிதான் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு உள்ளே போய் மண்வெட்டியில் எடுத்துவந்தார். பூனை குலுக்கைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்ததாம். மூன்றையும் வயிற்றுக்குள் சுருட்டிக்கொண்டு படுத்திருந்தது. வாய் ஒரு குட்டியின் கழுத்தில் இருந்தது. வேறு எங்கோ தூக்கப் பார்த்திருக்கிறது.

எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அத்தை அழவில்லை.

"கழுத்துல மணி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அறுத்துக் கொண்டா." பிறகு, "அந்தப் பொடிசு கண்ணு தொறந்துருச்சா?"

"ஒரு கண்ணு, பாதி."

"அப்பத் தொடலாம்" என்றாள்.

குடிசை வரிசையைவிட்டுத் தள்ளி, வாய்க்கால் திருப்பத்தில் அத்தை தனியாக ஒரு ஓலை மறைப்புக் கட்டிக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் சோப்புத் தண்ணீரில் மண்ணெண்ணெய் கலந்து குட்டியை அவரே துடைத்து, திரும்ப நல்ல தண்ணீரில் கழுவிக் கொடுத்தார். அத்தை பழந்துணித் திரியை ஆட்டுப் பாலில் தோய்த்து அதன் வாயில் வைத்தாள். அது சப்பியது. அத்தை அதற்கு ஒரு பேச்சும் கொடுக்கவில்லை. கொஞ்சவில்லை. பால் மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

பூனையைக் கொன்ற பாவம் தீர வேண்டுமானால் பொன்னால் பூனை செய்து கோயிலில் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. முடியாதவர்கள் வெள்ளியில் செய்வார்கள். "மருந்தடிச்சது சர்க்காரு. பாவமும் சர்க்காருக்குத்தேன். சர்க்காரு செய்யட்டும், தங்கத்துலயே செய்யட்டும்" என்றார் அப்பா. செத்தது எங்கள் வீட்டில் என்பதால் அம்மா பயந்துபோய் இருந்தாள். அத்தை இருவரிடமும் சொன்னாள்: "என் வீட்டுல பெத்தது. எடம் மாத்தச் சொன்னது நானு. ஒருக்க வாரியலால வெரட்டுனேன், மறுக்க ஆள் வச்சு வெரட்டுனேன். நீங்க சும்மா இருங்க."

ஓடு மறுபடி ஏறிய பிறகுதான் மாமா மலையிலிருந்து வந்தார். வழியிலேயே யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். வேட்டி துண்டெல்லாம் ஏலக்காய் வாசம். மகளுக்கு வாங்கிவந்த வளையலை மடியைவிட்டு எடுக்கவில்லை. அத்தை குட்டியைக் கொண்டுவந்து அவர் காலடியில் விட்டாள். அது அவர் முழங்காலில் நகம் போட்டு ஏறி மடியில் உட்கார்ந்துகொண்டது.

"இது மட்டுந்தேனா?" என்றார்.

"இது மட்டுந்தேன்."

அதற்குப் பிறகு எங்கள் குலுக்கை அறையில் மத்தியான வேளையில் ஒற்றை மணி கேட்கும். எனக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் அம்மா நெல் அள்ளப் போனவள் பாதியில் அளக்கிற மரக்காலை வைத்துவிட்டு வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்தேன். மறுநாளிலிருந்து நெல் நடையில் ஒரு பானையில் இருந்தது. அந்தக் குட்டிக்கு அத்தை மணி கட்டவில்லை. அது ஓசையில்லாமல் எங்கள் வீட்டுக்கு வரும், குலுக்கை அறை வாசல் வரைக்கும் போகும், நின்று பார்க்கும், திரும்பிவிடும்.

உத்தமபாளையத்தில் தட்டாசாரியிடம் போகும்போது என்னையும் கூட்டிப்போனார்கள். அத்தை மகளின் கொலுசு இரண்டையும் தராசில் வைத்தாள். "ஒரு மணி கொறையுதே தாயி" என்றார் அவர். அத்தை சேலை முந்தியை அவிழ்த்து அந்த மணியையும் வைத்தாள். உருக்கி அடித்து அவர் கொடுத்தது கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பூனை. காது பெரிதாகப் போய் முயல்போல் இருந்தது. கழுத்தில் ஒரு மணி வைக்க முடியுமா என்று மாமா கேட்டார். "அம்புட்டு நுணுக்கத்துக்கு இதுல வெள்ளி காணாது" என்றார் ஆசாரி. வருகிற வழியில் கோயில் உண்டியலில் போட்டோம். விழுந்த சத்தம் கேட்கும்வரை அத்தை நின்றாள்.

அந்தப் பூனைக்குப் போனது ஒரு ஜோடிக் கொலுசு, மணி குறையாமல். ஆசாரிக்குக் கூலி ஆறணா.